வெர்னாவின் இடது முன் வீல் கப்

வெர்னா கொர்ப்பியின் வீல் கப்பைத் தெரியாதவர் எங்கள் ரோட்டில் கிடையாது. கார்ச் சக்கரத்தின் நடுவை மூடுகிற வெள்ளி நிறப் பிளாஸ்டிக், ஏழு இதழ், அதில் ஒன்றின் நுனி உடைந்திருக்கும். சரளையிலோ பள்ளத்திலோ அது கிடப்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் இறங்கி எடுத்து, பனியைத் தட்டிவிட்டு, தங்கள் வீட்டுத் தபால் பெட்டியின் கம்பத்தில் மாட்டி வைப்பார்கள். வெர்னாதான் எங்கள் தபால்காரி; மறுநாள் தபால் போட வரும்போது தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டு போவாள். இதற்கெல்லாம் நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் மினசோட்டாவின் இந்த வடகோடியில் இல்லை. சொன்னால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவார்கள்.

கிராமத்துத் தபால் சுமக்கிற காரில் வீல் கப் நிலைப்பது கஷ்டம். சர்க்கார் வண்டி கிடையாது, சொந்தக் கார்தான். அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம்; ஆனால் பெட்டிகள் எல்லாம் ரோட்டின் வலது ஓரத்தில் நிற்பதால் வெர்னா வலது பக்க சீட்டில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி பிரேக்கை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையால் தபால் போடுவாள். பார்க்கிறவர்களுக்கு டிரைவர் இல்லாத கார் ஒன்று தள்ளாடி வருவது மாதிரி இருக்கும். வலது சக்கரங்கள் சரளையில் உருளும், இடது சக்கரங்கள் தார் விளிம்பில் ஏறி ஏறி இறங்கும். வீட்டுக்கு வீடு பிரேக் போட்டுப் போட்டுச் சக்கரம் சூடேறிக் கிடக்க, வெளியே குளிர் பிளாஸ்டிக்கை அப்பளமாக ஆக்கி வைத்திருக்கும். மூடியின் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கிகளும் கம்பி வளையமும் எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்? இப்படி வருடம் முழுக்க நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் மனுஷனுக்கே கை கால் கழன்றுவிடும்.

அவள் புருஷன் ஆர்வோ உயிரோடு இருந்தவரை குளிர்காலத்தில் இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. நவம்பரில் முதல் பனி விழுந்ததும் அவன் நான்கு வீல் கப்பையும் கழற்றி ஷெட் சுவரில் ஆணியில் தொங்கவிட்டுவிடுவான். பிறகு பனிக்கால டயர் பூட்டிய பழைய இரும்புச் சக்கரங்களை மாட்டுவான். துருப்பிடித்த அந்தக் கறுப்புச் சக்கரங்களைப் பார்த்தால் வெர்னாவுக்கு ஆகாது. கார் அம்மணமாக நிற்கிறதென்று அவள் முனகுவாள். நட்டு கண்ணில் பட்டால்தான் தனக்கு நிம்மதி என்று ஆர்வோ சொல்வான். இரும்புச் சுரங்கத்தில் லாரி ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தால் அதை அந்த வாரத்துச் செய்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

டயர் மாற்றுவது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஆர்வோ தன் பிக்கப் வண்டியை விட்டுவிட்டு அவள் காரை எடுத்துக்கொண்டு "ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று போய்விடுவான். திரும்பும்போது டவுன் பேக்கரியிலிருந்து ஒரு டஜன் டோனட் வரும். பெட்டியைத் திறந்தால் பத்துதான் இருக்கும். இரண்டு கையும் கரியாக இருக்கும்.

"ரெண்டு எங்கே?" என்று வெர்னா கேட்பாள்.

"வழியில போச்சு" என்பான்.

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே பதில். மகள் ஜோலீன் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வெர்னா வாயைத் திறப்பதற்குள் அவளே கேள்வியையும் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன பிறகும் டோனட் பயணம் நிற்கவில்லை. டயர் மாற்றியதைச் சாக்கு வைத்து மனுஷன் இனிப்புத் தின்னப் போகிறான் என்று வெர்னா சர்ச் பெண்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கையில் இருந்த கரியைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. சுரங்கத்துக்காரன் கை வேறு எப்படி இருக்கும்?

அந்த ஆர்வோ அக்டோபர் கடைசியில் செத்துப்போனான். ஏரி உறைவதற்கு முன்னால் படகுத்துறைப் பலகைகளைக் கரைக்கு இழுத்துப் போடப் போனவன், மூன்றாவது பலகையை இழுத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். வெர்னா ரூட் முடித்து வரும்போது அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபியும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெர்னா எல்லோரிடமும் குளிரைப் பற்றிப் பேசினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று அவளும் காத்திருந்துதான் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையதில்லை என்று ஆகிவிடுமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. தொட்டால் தெரிந்தது, வலி தெரியவில்லை.

அன்றைக்கு அவள் கவனித்த ஒரே விஷயம், ஹார்லன் நெஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனதுதான். இந்த ஹார்லன் ஒண்டிக்கட்டை, மர லாரி ஓட்டினவர். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மேட்டு ரோடு இறங்கி முடிகிற இடத்தில் வீடு. சில குளிர்காலங்களுக்கு முன்னால் அவருக்கும் வெர்னாவுக்கும் தகராறு. பனி தள்ளுகிற லாரி அவருடைய தபால் பெட்டியை மறைத்துச் சுவர் மாதிரி பனியைக் குவித்துவிட்டுப் போய்விட்டது. பெட்டிக்கு முன்னால் பனியை வாரி வழி விடுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்பது சட்டம். பனியைக் குவித்தவனே வந்து வாரட்டும் என்று ஹார்லன் சொன்னார். வெர்னா தபாலை நிறுத்திவிட்டாள். பனி உருகுகிறவரை அவர் டவுனுக்குப் போய்த்தான் தன் தபாலை வாங்கிக்கொண்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பெட்டியில் சிவப்புக் கொடியைத் தூக்கி வைத்தால் உள்ளே அனுப்ப வேண்டிய தபால் இருக்கிறது, வண்டி நிற்க வேண்டும் என்று அர்த்தம். ஹார்லன் அந்தக் கொடியை அதன் பிறகு தூக்கினதே இல்லை. ஒரு ஸ்டாம்ப் ஒட்டிய கவரைப் போடக்கூட டவுனுக்கே போனார். பிடிவாதத்தில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வெர்னா வேலைக்குத் திரும்பினாள். திடமானவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மினியாபொலிஸிலிருந்து ஜோலீன் போன் செய்வாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். வெர்னா "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். பிறகு இரண்டு பேரும் பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

முதல் பனி விழுந்தது. வெர்னா பனிக்கால சக்கரங்களைக் காரின் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுனில் இருக்கிற டயர் கடைக்குப் போனாள். அன்றைக்கு ஊரே அங்கே நின்றது. கடைக்காரர் சக்கரங்களை மாற்றிவிட்டு, வீல் கப்பையும் போட்டுவிடவா என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றாள் வெர்னா. ரப்பர் சுத்தியலால் நான்கையும் தட்டி மாட்டினார். துருப்பிடித்த சக்கரத்தில் கொக்கி சரியாக உட்காரவில்லை என்று அப்போதே சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"அம்பது மைல் ஓடினதும் ஒருதரம் வந்துட்டுப் போங்கம்மா. நட்டை மறுபடி இறுக்கணும். புதுசா மாட்டின சக்கரம் ஓட ஓடக் கொஞ்சம் இளகும். காசு வேணாம், வந்தா போதும்."

வெர்னா தலையாட்டினாள். அந்த மாதம் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பாதிரியார் சொன்னதற்கு, பாங்க்காரர் சொன்னதற்கு, ஆர்வோவின் துணிகளை என்ன செய்வது என்று நாத்தனார் சொன்னதற்கு. காதில் விழுந்தது எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஐம்பது மைல் என்பது அவளுடைய ரூட்டில் ஒரு நாள் பொழுது. அது ஓடி முடிந்தது. அடுத்த ஐம்பதும் ஓடியது.

அந்த வாரமே இடது முன் வீல் கப் விழ ஆரம்பித்தது. முதலில் ஏரி வளைவில் விழுந்தது, லின்ட்கிரன் வீட்டுக் கம்பத்தில் தொங்கியது. வெர்னா எடுத்து உள்ளங்கையால் தட்டி மாட்டிக்கொண்டாள். அடுத்தது மேட்டு ரோடு இறக்கத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். அது ஹார்லன் வீட்டுப் பெட்டிக் கம்பத்தில் தொங்கியது, ஒரு மரை ஆணியில் ஒழுங்காக மாட்டப்பட்டு. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் விழுந்து, அதே ஆணியில் தொங்கியது. இந்த முறை பனியெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஜன்னல் திரை அசைந்த மாதிரி இருந்தது. வெர்னா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஆர்வோவின் இழுப்பறையிலிருந்து கறுப்பு கேபிள் டைகளை, இழுத்தால் இறுகிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டைகளை, எடுத்தாள். வீல் கப்பின் ஓட்டைகளுக்குள் விட்டு, சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக இழுத்து, நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டினாள். எங்கள் பக்கத்தில் பாதிக் கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. இனி விழாது. ஒரு வேலை முடிந்தது. உள்ளே நட்டு எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கட்டின பிறகு பார்க்கவும் முடியாது.

இரண்டு நாள் சத்தம் இல்லை. அப்புறம் இடது பக்கத்திலிருந்து ஏதோ உருளுகிற சத்தம் வந்தது. மெதுவாகப் போனால் கடக், கடக் என்று கேட்கும். வேகம் எடுத்தால் நின்றுவிடும். வலது சீட்டில் உட்கார்ந்திருந்த வெர்னாவுக்கு அது பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி தூரத்தில் கேட்டது. ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. பாழாய்ப்போன வீல் கப் என்று நினைத்துக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கடைசி வரைக்கும் கேட்டாள். மறுநாளும் சத்தம் இருந்தது. சத்தத்தோடு ரூட்டை முடித்துவிட்டு, பெரிய ரோட்டில் மர லாரிகளுக்கு நடுவே வேகமாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்கு மறுநாள், மேட்டு ரோடு இறங்கி வரும்போது, ஹார்லன் வீட்டுத் தபால் பெட்டியில் சிவப்புக் கொடி தூக்கியிருந்தது.

வெர்னாவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. ஆனாலும் கொடி கொடிதான். நிறுத்திப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடித்தட்டைக் கையால் தடவிக்கூடப் பார்த்தாள். நிமிர்ந்தபோது ஹார்லன் காருக்கு முன்னால் நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கட்டிங் பிளேயர், இன்னொரு கையில் வீல் ஸ்பேனர்.

"இஞ்சினை நிறுத்து, வெர்னா."

"தபால் இல்லாம கொடியைத் தூக்கக் கூடாது, மிஸ்டர் நெஸ்."

"தெரியும். நிறுத்து."

நிறுத்தினாள். தன்னோடு படித்த ஆளை மிஸ்டர் என்றும் நீங்கள் என்றும் கூப்பிடுவது அவளுக்கு இந்தச் சண்டையில் கிடைத்த ஒரே சந்தோஷம். ஹார்லன் இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் முழங்காலை ஊன்றி, கேபிள் டைகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். கடைசி டை அறுந்ததும் வீல் கப் அவர் கையோடு வந்தது. அதைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு எழுந்து வந்து, வெர்னாவின் ஜன்னலுக்கு நேராக நீட்டினார்.

உள்ளே மூன்று வீல் நட்டுகள் கிடந்தன.

வெர்னா அதைப் பார்த்தாள். தட்டில் வைத்து ஏதோ தின்னக் கொடுப்பது மாதிரி இருந்தது.

"அஞ்சுல மூணு" என்றார் ஹார்லன். "மிச்சம் ரெண்டையும் விரலாலேயே சுத்தலாம். மேட்டுல நீ வரும்போதே எனக்குக் கேக்குது. வீல் கப் அதுவா விழறது வேற, சக்கரம் ஆடி அதைத் தள்றது வேற. ஒரே இடத்துல ரெண்டு தரம் விழுந்தப்பவே நான் சொல்லியிருக்கணும். நீதான் கட்டிட்டியே, சரி பாத்திருப்பேன்னு நெனச்சேன். அப்புறம் உள்ள நட்டு உருள்ற சத்தம் கேட்டுது. நேத்து வாசல்ல நின்னு கேட்டுட்டு, பேச்சு இல்லையேன்னு உள்ள போயிட்டேன். ராத்திரி தூக்கம் வரல."

"சரி" என்றாள் வெர்னா.

"என்ன சரி?"

அவள் தபால் கட்டைத் தட்டி அடுக்கினாள்.

"இந்தச் சக்கரம் பெரிய ரோட்டுல கழண்டிருந்தா நேரா மர லாரிக்கு அடியில போயிருப்ப. புரியுதா உனக்கு?"

புரிந்தது. புரிந்ததுதான் ஆச்சரியம். லாரி, சக்கரம், தான் எல்லாவற்றையும் வெர்னாவால் தெளிவாக நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் பயம் வரவில்லை. போயிருந்தால் போயிருக்கும் என்று மட்டும் தோன்றியது. வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்படுவது மாதிரிதான் இருந்தது. மீதித் தபாலை யார் கொண்டுபோய்ப் போட்டிருப்பார்கள் என்று யோசித்தாள். ஹார்லன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நட்டைப் பார்த்தபோதுகூட அவர் முகம் இப்படிக் கலங்கவில்லை.

அவர் போய் ஜாக்கியைக் கொண்டுவந்து காரைத் தூக்கி, மரைகளைத் துணியால் துடைத்து, நட்டுகளைப் போட்டார். ஒன்று விட்டு ஒன்று, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினார். மற்ற மூன்று சக்கரங்களின் வீல் கப்பையும் கழற்றி, அங்கேயும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இளகியிருந்தன. நான்கு வீல் கப்பையும் பின் சீட்டில் தபால் மூட்டை மேல் போட்டார். கார் அம்மணமாக நின்றது.

"ஞாயித்துக்கிழமை அம்பது மைல் ஓட்டிட்டு இங்க வா. மறுபடி இறுக்கணும்."

"டயர் கடையில செஞ்சுக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை கடை ஏது? ஆர்வோ எங்க செஞ்சானோ அங்கேயே செஞ்சுக்க."

வெர்னா சாவியைத் திருப்பப் போனவள் நிறுத்தினாள்.

"ஆர்வோ எங்க செஞ்சான்?"

"இங்கதான். என் ஷெட்டுல. சிமெண்டுத் தரை, சமமா இருக்கும். டவுன் வரைக்கும் ஓட்டிட்டு, திரும்பி வர்ற வழியில இங்க நிறுத்தி, நாலு சக்கரத்தையும் இறுக்குவான். வருஷா வருஷம். நீ எனக்குத் தபாலை நிறுத்தின வருஷம்கூட வந்தான்." ஹார்லன் ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். "டோனட் வாங்கிட்டு வருவான். ஒண்ணு அவன், ஒண்ணு நான். வீட்டுல கேட்டா வழியில போச்சுன்னு சொல்லிக்கிறேன்பான்."

வெர்னா காரை எடுத்தாள். அடுத்த பெட்டியில் வேறு யாருடைய தபாலையோ போட்டாள். அதற்கடுத்த பெட்டியைத் திறந்து, எதுவும் போடாமல் மூடிவிட்டுப் போனாள். ரயில் பாதையைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல, சூடான கோபம். தன் எதிரி வீட்டில் உட்கார்ந்து தன் புருஷன் டோனட் தின்றிருக்கிறான், இத்தனை வருடமும், தனக்குத் தெரியாமல். சர்ச் பூராவும் அவனைத் தீனிப்பண்டாரம் என்று தான் கேலி செய்ததை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் கையில் இருந்தது அவள் சக்கரத்தின் கரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறானா? சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினாள். கை வலித்தது. ஆர்வோ போன பிறகு அவளுக்கு வலித்த முதல் வலி அதுதான்.

ஞாயிறு காலை காரை எடுத்தாள். வலது சீட்டில் உட்கார்ந்து பழகியவளுக்கு இடது சீட்டு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்தது மாதிரி இருந்தது. டவுன் வரை ஓட்டினாள். பேக்கரிக்காரி அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு டஜன் எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். நவம்பர் ஞாயிறு, கொர்ப்பி வீட்டு ஆள் என்றால் ஒரு டஜன்தான். காசு கொடுக்கும்போது மட்டும் அவள் வெர்னாவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள்.

ஹார்லன் வீட்டுத் தபால் பெட்டிக்கு முன்னால் பனி சுத்தமாக வாரப்பட்டிருந்தது. பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு காரே நிற்கிற அளவுக்கு வாரியிருந்தார். வெர்னா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளே விட்டாள். அவர் நட்டை இறுக்கக் குனிந்தபோது, ஸ்பேனரைத் தன்னிடம் தரச் சொன்னாள். ஸ்பேனரை மாட்டி, மேலே கால் வைத்து அழுத்தினாள். இடது முன் சக்கரத்தில் ஒரு நட்டு இன்னும் கால் சுற்று இறங்கியது. அதன் பிறகு அசையவில்லை. மற்ற மூன்று சக்கரங்களையும் அவளே செய்தாள். விரல் இடுக்கெல்லாம் கரி ஏறியது.

ஷெட்டில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஹார்லன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினார். வெர்னா பெட்டியைத் திறந்து நீட்டினாள். அவர் ஒன்று எடுத்தார், அவள் ஒன்று எடுத்தாள்.

"அடக்கத்தன்னிக்கு ஏன் சாப்பிடாம போனீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல" என்றார் ஹார்லன். "அவனும் நானும் இங்க உக்காந்து பேசினதே கிடையாது."

அதற்கு மேல் அவர்களும் பேசவில்லை. காபி தீர்ந்தது. வெர்னா கிளம்பும்போது, புதன்கிழமை அவருக்கு ஒரு பார்சல் வரும் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைச் சமையலறை மேஜையில் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை. பெட்டியைத் திறந்தாள். ஆர்வோவின் நாற்காலி உள்ளே தள்ளியபடி இருந்தது. பத்து டோனட், இரண்டு காலி இடம், காகிதத்தில் இரண்டு எண்ணெய் வட்டம். கேட்க வேண்டிய கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் நின்று கேட்ட கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் இல்லை. அந்த வீட்டில் இப்போது கரிக்கையோடு நிற்பவள் அவள்தான்.

போன் அடித்தது. ஜோலீன்.

"எப்படி இருக்கம்மா?"

வழக்கமான பதிலைச் சொல்ல வெர்னா வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

"டோனட் வாங்கிட்டு வந்தேன்" என்றாள். "ரெண்டு குறையுது, ஜோலீன்."

அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல், உடைந்துபோய், மெதுவாக வந்தது.

"வழியில போச்சாம்மா?"

வெர்னா ஆமாம் என்று சொல்ல நினைத்தாள். கரிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, போனை வைக்காமல், நின்ற இடத்திலேயே அழுதாள்.